அயர்லாந்து வாய்மூடி இருந்ததா?

அயர்லாந்தின் பெரும் பஞ்சத்தைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் கருகல் நோய் விழுந்தது. அடுத்த ஆறேழு ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் செத்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். இதுவரை சிக்கல் இல்லை. இதற்கு அடுத்ததாகச் சொல்லப்படுவதைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. இத்தனை பெரிய சாவைப் பற்றி அந்த நாடு எழுதவே இல்லை, துயரத்தின் கனம் தாங்காமல் ஊமையாகிப் போனது, மொழியால் தொட முடியாத அனுபவம் அது என்கிறார்கள். 1995இல் வெளிவந்த தம் நூலில் டெர்ரி ஈகிள்டன், ஐரிஷ் மறுமலர்ச்சி இலக்கியத்தில் பஞ்சம் எங்கே, ஜாய்ஸிடம் எங்கே என்று கேட்டார். அவர் கேட்டது கேள்வி. பஞ்சத்தின் 150ஆம் ஆண்டு நினைவுகூரல்கள் நடந்த அந்த ஆண்டுகளில் கேள்வி முடிவாக இறுகிவிட்டது. உளவியலிலிருந்து கடன் வாங்கிய சொற்கள் அதற்குத் துணை வந்தன. இன்று ஐரிஷ் இலக்கியத்தை அறிமுகம் செய்யும் எந்தக் கட்டுரையிலும் 'பஞ்சத்தின் மௌனம்' என்ற தொடர் ஆராயாமலே எடுத்தாளப்படுகிறது. இந்தக் கருத்து தவறு என்பது என் வாதம். பஞ்சம் நடந்தபோதே அது எழுதப்பட்டது, பாடப்பட்டது, அச்சானது, பேசியவர்களுக்குத் தண்டனையும் கிடைத்தது. எந்த மொழியில், எந்த வடிவத்தில், யார் வாயிலிருந்து அது வந்ததோ அங்கே தேடாதவர்கள்தான் மௌனத்தைக் கண்டுபிடித்தார்கள்.

ஆங்கிலத்தில் வந்ததையே முதலில் எடுத்துக்கொள்வோம். கார்க் நகரின் மாஜிஸ்திரேட் நிக்கலஸ் கம்மின்ஸ் 1846 டிசம்பரில் ஸ்கிபரீன் பகுதிக் குடிசைகளுக்குள் போய்ப் பார்த்ததை வெலிங்டன் பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். அந்த மாதம் 24ஆம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், லண்டன் 'டைம்ஸ்' அதை வெளியிட்டது. இரண்டு மாதத்தில் ஜேம்ஸ் மஹோனி என்ற ஓவியர் அதே ஸ்கிபரீனுக்குப் போய் வரைந்த படங்கள் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழில் வந்தன. வில்லியம் கார்ல்டனின் 'கறுப்புத் தீர்க்கதரிசி' நாவல் 1846இல் தொடராக வந்து 1847இல் நூலானது. கதை முந்தைய பஞ்சங்களைப் பற்றியது; ஆனால் கார்ல்டன் நூலைக் காணிக்கையாக்கியது பதவியில் இருந்த பிரதமர் ஜான் ரஸ்ஸலுக்கு. யார் படிக்க வேண்டும் என்று அவர் நினைத்தார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. 1847 ஜனவரியில் 'நேஷன்' இதழில் ஸ்பெரான்ஸா என்ற புனைபெயரில் ஓர் இளம்பெண் எழுதிய பஞ்சக் கவிதை வந்தது. பிற்காலத்தில் ஆஸ்கார் வைல்டுக்குத் தாயானவர் அவர். அமெரிக்காவிலிருந்து வந்து டப்ளினில் கஞ்சி ஊற்றிய அசெனத் நிக்கல்சன், தாம் நடந்து கண்ட மேற்குக் கரையோரத்தைப் பற்றி 1851இல் நூல் வெளியிட்டார். இத்தனையும் பஞ்சம் நடந்துகொண்டிருந்தபோதே எழுதப்பட்டவை. இந்த எழுத்துக்கு என்ன பதில் கிடைத்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 1848இல் நாடாளுமன்றம் 'துரோகக் குற்றச் சட்டம்' என்ற புதிய சட்டத்தை நிறைவேற்றியது. பஞ்சத்துக்கு ஆட்சியே பொறுப்பு என்று எழுதிவந்த ஜான் மிச்செல் அந்தச் சட்டத்தின்கீழ் அதே ஆண்டு மே மாதம் 14 ஆண்டு நாடு கடத்தப்பட்டார். ஜூலையில் 'நேஷன்' இதழே முடக்கப்பட்டது. பேசியவனைக் கப்பலேற்றி, அச்சகத்தைப் பூட்டிய ஒரு நாட்டில் பிறகு நிலவிய அமைதிக்கு உளவியல் விளக்கம் தேடுவது எனக்குப் புரியவில்லை.

பஞ்சத்தைப் பற்றி எழுதியவர்களில் ஒருவர் எந்தத் தடையும் இல்லாமல் எழுதினார். அவர் சார்லஸ் ட்ரெவெல்யன், லண்டன் கருவூலத்தின் துணைச் செயலர். நிவாரணப் பணம் ஒவ்வொரு பவுண்டாக அவர் கையெழுத்தில்தான் நகர்ந்தது. 1848 ஜனவரியில் 'எடின்பரோ ரிவ்யூ' இதழிலும் பிறகு நூலாகவும் வந்த 'அயர்லாந்து நெருக்கடி' என்ற அவருடைய எழுத்து, பஞ்சம் முடிந்துவிட்டது என்ற தொனியில் அமைந்தது. இதெல்லாம் பேரறிவு படைத்த இறைவனின் செயல், மனிதரால் திருத்த முடியாத ஒரு சமூகத்தை அவன் திருத்தினான் என்பது அதன் சாரம். அந்த ஆண்டு அவருக்கு 'சர்' பட்டமும் கிடைத்தது. 1848இல் மறுபடியும் பயிர் கருகியது; 1849இல் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். இந்த ட்ரெவெல்யன் நமக்கு அந்நியர் அல்லர். 1859இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தார். சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க் அவர் முயற்சியில் உருவானது. சென்னையில் அவரைப் பூங்கா தந்தவராக நினைவுகூர்கிறவர்கள், அதற்குப் பத்தாண்டு முன்பு அவர் என்ன எழுதினார் என்பதையும் அறிந்திருப்பது நல்லது. பஞ்சத்துக்கு உடனடியாகக் கிடைத்த விரிவான விளக்கநூல் அதை நிர்வகித்த அதிகாரியே எழுதியது. அது கடவுளைக் காரணமாக்கியது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த எழுத்துக்குப் போக வேண்டும்.

வாட்டர்ஃபோர்டு மாவட்டக் கடற்கரையில் ரிங் என்ற ஊர். மக்கள் ஐரிஷ் பேசுகிற ஊர். அங்கே பஞ்ச காலத்தில் மாய்ரெ நீ க்ரோமா என்ற பெண் ஒரு பாட்டுக் கட்டினாள். கறுத்துப்போன உருளைக்கிழங்குகளின் பாட்டு என்று அதற்குப் பெயர். அயலார் சிதறிப் போனதையும், செத்தவர்களையும், ஏழையர் விடுதியில் அடைபட்டவர்களையும் சொல்லிக்கொண்டே வருகிறாள். இறைவனிடம் இரங்கி வேண்டுகிறாள். ஆனால் ஓரிடத்தில், ஏழைகளைக் குளிரிலும் வறுமையிலும் வெளியே தள்ளிய இந்தக் காரியத்தைத் தெய்வம் நினைத்துச் செய்யவில்லை என்று வெட்டிச் சொல்கிறாள். இந்த ஒரே சொல்லில் ட்ரெவெல்யனின் நூல் முழுவதற்கும் மறுப்பு இருக்கிறது. அவள் அந்த நூலைப் படித்திருக்க மாட்டாள், தேவையும் இல்லை. படித்த அதிகாரி கடவுள்மேல் போட்ட பழியைக் குடிசைப் பெண் கடவுளிடமிருந்து எடுத்து, அது சேர வேண்டிய மனிதர்கள்மேல் வைத்தாள். இதைவிடத் தெளிவான அரசியல் கூற்று அந்தப் பஞ்சத்தைப் பற்றி யாரிடமும் இல்லை. அதிர்ச்சியில் நாவடங்கிப் போனவளின் பாட்டா இது? மொழியைக் கடந்த அனுபவம் என்று சொல்கிறவர்கள் எந்த மொழியைக் கடந்தது என்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தைக் கடந்து வேறொரு மொழியில்தான் அது சொல்லப்பட்டது. அந்த மொழிக்காரர்கள் பஞ்சத்தை 'அன் த்ரொஹீல்' என்றார்கள். கெட்ட காலம் என்று பொருள். வரலாற்றாசிரியர்களின் 'பெரும் பஞ்சம்' என்ற பெயரைக் காட்டிலும் இதில் பட்டவர்களின் வாய் மணக்கிறது.

அந்த மொழிக்கு என்ன ஆனது என்பதுதான் முழுக் கதைக்கும் சாவி. 1841இல் அயர்லாந்தின் மக்கள்தொகை 81,75,124. 1851இல் அது 65,52,385. மொழி பற்றிய கேள்வி முதன்முதலாகக் கேட்கப்பட்டது அந்த 1851 கணக்கெடுப்பில்தான். ஐரிஷ் பேசத் தெரிந்தவர்கள் 15,24,286 பேர், ஐரிஷ் மட்டுமே தெரிந்தவர்கள் 3,19,602 பேர் என்று பதிவாயிற்று. செத்தது பெரும்பாலும் மேற்கிலும் தெற்கிலும். கொன்னாக்ட் மாகாணம் மட்டும் பத்தாண்டில் தன் மக்களில் 28 விழுக்காட்டுக்கு மேல் இழந்தது. அதாவது ஐரிஷ் பேசியவர்களே அதிகம் செத்தார்கள், அவர்களே அதிகம் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அமெரிக்கா போகிற பிள்ளைக்கு ஐரிஷ் எதற்கு? 1831இலிருந்து நடந்த தேசியப் பள்ளிகள் ஆங்கிலத்தில்தான் பாடம் சொன்னன. ஐம்பது ஆண்டு கழித்து இலக்கிய மறுமலர்ச்சி வந்தபோது, பஞ்சத்தைப் பாடிய மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் காது வாசகருக்கும் இல்லை, எழுத வந்தவர்களில் பலருக்கும் இல்லை. பேச்சு அற்றுப்போகவில்லை, கேட்கிறவர்கள் அற்றுப்போனார்கள். இந்த இரண்டையும் ஒன்றாக்குவது அந்த மக்களுக்கு இரண்டாம் முறை செய்யும் அநீதி.

ஐரிஷ் மொழியில் எழுத்து மறுபடி துளிர்த்தபோது பஞ்சம் உடனே வந்து நின்றது என்பதற்குப் பாதிரியார் பியாடர் ஓ லீரியின் 'என் சொந்தக் கதை' சான்று. 1839இல் கார்க் மாவட்டத்தில் பிறந்தவர், பஞ்சத்தின்போது சிறுவன். 1915இல் வந்த அந்தத் தன்வரலாற்றில் மக்ரூம் ஏழையர் விடுதிக்குப் போன ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறார். விடுதி விதிப்படி பெற்றோரையும் பிள்ளைகளையும் பிரித்துவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டும் இறந்ததைக் கேள்விப்பட்ட பெற்றோர், நோயோடு விடுதியை விட்டுக் கிளம்பினார்கள். பிணக்குழியருகே நின்று அழுதுவிட்டுத் தங்கள் பழைய குடிசையை நோக்கி நடந்தார்கள். மனைவி நடக்க முடியாமல் விழ, கணவன் முதுகில் சுமந்து போனான். மறுநாள் அயலார் ஒருவர் வந்து பார்த்தபோது இருவரும் இறந்து கிடந்தார்கள். மனைவியின் பாதங்கள் கணவனின் மார்போடு அணைத்து வைக்கப்பட்டிருந்தன. கடைசி இரவில் அவள் கால் குளிர்ந்துபோனதை அவன் தன் நெஞ்சின் சூட்டால் போக்கப் பார்த்திருக்கிறான். ஓ லீரி இதை ஓர் உயர்வுநவிற்சியும் இல்லாமல் வெறும் செய்தியாகச் சொல்லிச் செல்கிறார். சொல்ல முடியாதது என்று இதைச் சொல்கிறவர்கள் ஓ லீரியின் நூலைப் புரட்டியிருந்தால் போதும். சிக்கல் சொல்வதில் இருக்கவில்லை.

1945இல் பஞ்சத்தின் நூற்றாண்டையொட்டி ஐரிஷ் நாட்டாரியல் ஆணையம் நாடெங்கும் ஒரு வினாப்பட்டியலை அனுப்பியது. தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள். பதில்கள் ஆயிரக்கணக்கான பக்கங்களாக வந்து குவிந்தன: எந்த வயலில் யாரைப் புதைத்தார்கள், எந்தச் சாலை பட்டினிக்காரர்களைக் கொண்டு போடப்பட்டுப் பாதியில் நின்றது, யார் கஞ்சி ஊற்றினார்கள், யார் அடித்து விரட்டினார்கள், எந்த வீட்டுக் கூரையை எந்த ஜமீன்தாரின் ஆள் பிரித்தான் என்று. ஊமையான சமூகம் நூறாண்டு கழித்து இத்தனை பக்கம் பேசாது. நூற்றாண்டுக்காக அரசு உதவியோடு திட்டமிடப்பட்டு 1956இல் தாமதமாக வந்த 'பெரும் பஞ்சம்' என்ற ஆய்வுத் தொகுப்பில் இந்த வாய்மொழிக் குவியலுக்கு ரோஜர் மக்ஹ்யூ எழுதிய ஓர் இயல் இடம் பெற்றது. 1962இல் சிசில் உட்ஹாம்-ஸ்மித் எழுதிய 'பெரும் பசி' வெளிவந்து லட்சக்கணக்கானோர் படித்தபோது, டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் வரலாற்று மாணவர்களுக்கு அடுத்த ஆண்டுத் தேர்வில் அந்நூல் ஒரு சிறந்த நாவல் என்ற கூற்றை விவாதிக்கச் சொன்னார்கள். வரலாறு என்ற தகுதி அதற்கு இல்லை என்பது அக்கேள்வியின் உட்பொருள். பொதுமக்கள் பேசவும் கேட்கவும் ஆயத்தமாக இருந்தார்கள். தயங்கியது படித்தவர்களின் துறை. தங்கள் துறையின் தயக்கத்தை நாட்டின் மௌனம் என்று பிற்காலத்தவர் பெயர் சூட்டிக்கொண்டார்கள்.

இதற்கு வரும் வலுவான மறுப்பை நான் ஒதுக்கப் போவதில்லை. அந்த வாய்மொழிப் பதிவுகளிலேயே, எங்கள் ஊரில் அவ்வளவு பாதிப்பு இல்லை, அடுத்த ஊரில்தான் செத்தார்கள் என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. கொனமாராவில் கார்னா பக்கத்தில் பஞ்ச காலத்துப் பாட்டு ஒன்று உண்டு. நிவாரண அதிகாரி ஒருவரை விளித்து ஏழை ஒருவன் இரந்து கேட்பதாக அமைந்தது. பாட்டில் ஊர் மனிதர்களின் பெயர்கள் வருவதால் அந்தப் பகுதியில் வெகுகாலம் அதைப் பொதுவில் பாடத் தயங்கினார்கள். ஆக, பேசாமை இருந்தது உண்மை. ஆனால் யாருடைய பேசாமை? பஞ்சம் எல்லோரையும் ஒரே மாதிரி தின்னவில்லை. கால் ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்து உருளைக்கிழங்கு பயிரிட்டு வாழ்ந்த கூலிக் குடிகள் ஏறக்குறையத் துடைத்தெறியப்பட்டார்கள். அவர்கள் விட்டுப்போன நிலம் காற்றில் கரைந்துவிடாது. பக்கத்து நிலக்காரரின் வேலிக்குள் போயிற்று. கடன் கொடுத்த கடைக்காரரிடமும் போயிற்று. சிறு நிலங்கள் சரிந்து பெரிய நிலங்கள் பெருகின. அந்த நடுத்தரக் குடியானவர்களின் பேரப்பிள்ளைகள்தான் பிறகு பள்ளி ஆசிரியர்களாகவும் பாதிரிகளாகவும் தேசியத் தலைவர்களாகவும் வந்தார்கள். அடுத்த ஊரில்தான் செத்தார்கள் என்று சொன்ன வாயில் துயரத்தால் வந்த அடைப்பு கொஞ்சம், நம் வயல் யாருடையதாக இருந்தது என்ற நினைவு நிறைய. கார்னா பாட்டைப் பாடத் தயங்கியதும் அது யாரைக் குறிக்கிறது என்று எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்திருந்ததால்தான். மறந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் வராது. இதை ஒரு தேசத்தின் காயம் என்று பொதுவாக்கிவிட்டால், செத்தவனும் அவன் நிலத்தை வாங்கியவனும் ஒரே வரிசையில் துக்கம் கேட்பவர்களாகி விடுகிறார்கள்.

மறுமலர்ச்சி எழுத்தாளர்களிடம் பஞ்சம் எங்கே என்ற ஈகிள்டனின் கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. முதலில், அது முற்றிலும் இல்லாமல் இல்லை. யேட்ஸின் 'கேத்லீன் சீமாட்டி' பஞ்சத்தில் பசித்த குடியானவர்கள் ஆன்மாவை விற்க வருவதைப் பற்றிய நாடகம். 1899இல் டப்ளினில் அது மேடையேறியபோது கத்தோலிக்கர்கள் கொதித்தெழுந்தார்கள். கஞ்சிக்காக மதம் மாறியவர்கள் என்ற பஞ்ச கால வசை அப்போதும் உயிரோடு இருந்ததால்தான் அந்த நாடகம் அப்படிச் சுட்டது. ஜாய்ஸின் 'யுலிஸீஸ்' நாவலில் நாயகன் ப்ளூம் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அவர் பையில் தாய் தந்த ஒரு காய்ந்த உருளைக்கிழங்கு காப்புப்பொருளாக இருக்கிறது. இரவு வரை அது கூடவே வருகிறது. அதே நாவலில் பள்ளித் தலைமையாசிரியர் டீஸி பஞ்சத்தை நேரில் கண்டதாகச் சொல்கிறார். மதுக்கடையில் பேசும் தேசியவாதி 1847ஐ எடுத்துச் சொல்லிக் கொந்தளிக்கிறார். இத்தனையும் இருந்தும் மறுமலர்ச்சியின் மையத்தில் பஞ்சம் இல்லை என்பது உண்மைதான். ஏன் என்று கேட்டால் கூல் பூங்காவைப் பார்க்கச் சொல்வேன். மறுமலர்ச்சி எழுத்தாளர்கள் கூடிய மாளிகை அது. லேடி கிரிகரியின் வீடு. அவர் கணவர் வில்லியம் கிரிகரிதான் 1847இல் டப்ளின் உறுப்பினராக இருந்து நாடாளுமன்றத்தில் 'கால் ஏக்கர் விதி'யைக் கொண்டுவந்தவர். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் யாருக்கும் நிவாரணம் கிடையாது. நிலத்தை விட்டுக்கொடுத்தால்தான் கஞ்சி. பசித்தவனிடம் நிலமா உயிரா என்று கேட்ட சட்டம் அது. பிற்பாடு அவர் 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தார். கொழும்பு அருங்காட்சியகம் அவர் காலத்தில் எழுந்தது, அவர் சிலை இன்றும் அதன் முன்னால் நிற்கிறது. லேடி கிரிகரியின் தொண்டை நான் குறைக்கவில்லை. நாட்டார் கதைகளைத் தேடித் தேடித் தொகுத்தவர் அவர். ஆனால் நிலவுடைமை மாளிகையில் வளர்ந்த ஓர் இயக்கம் பஞ்சத்தை மையமாக்காததற்கு, தாங்க முடியாத துயரம் காரணம் என்று சொல்வது பொருந்தாது. பஞ்சம் அந்த வீட்டின் வழியாகவே நடந்து போயிருந்தது.

பெரிய நாவல் வரவில்லையே என்பார்கள். 1937இல் லியாம் ஓ'ஃப்ளாஹர்ட்டியின் 'பஞ்சம்' வந்தது; எழுதியவர் ஐரிஷ் பேசும் ஆரன் தீவில் பிறந்தவர். அது வர அத்தனை காலம் ஆனதில் வியப்பில்லை. நாவல் என்பது ஓய்வும் வாசகரும் பதிப்பாளரும் உள்ள வர்க்கத்தின் வடிவம். செத்தவர்களின் வடிவம் பாட்டும் ஒப்பாரியும் அடுப்பங்கரைக் கதையும். ஒரு வடிவத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றொன்றின் கனத்தை அளக்கக் கூடாது. 1942இல் பேட்ரிக் காவனா தம் நீண்ட கவிதைக்குப் 'பெரும் பசி' என்று பெயரிட்டார். அதில் யாரும் பட்டினியால் சாவதில்லை. நிலத்தைக் காக்கத் திருமணத்தைத் தள்ளிப்போட்டுக் கருகிப்போகும் ஒரு விவசாயியின் வாழ்க்கைதான் இருக்கிறது. நிலத்தைப் பிரிக்காதே, பிந்தி மணம் செய், இல்லாவிட்டால் செய்யாதே என்ற ஒழுங்கைக் கிராமங்களில் இறுக்கியது பஞ்சமே. 1847ஐ நேராகச் சொல்லாத இடத்திலும் அந்த இலக்கியம் 1847இன் விளைவைத்தான் எழுதிக்கொண்டிருந்தது. 1968இல் வந்த டாம் மர்ஃபியின் 'பஞ்சம்' நாடகமும், பிறகு வந்த ஈவன் போலண்டின் பஞ்சச் சாலைக் கவிதைகளும் அந்தத் தொடர்ச்சியில் வந்தவை.

மிச்செலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனெனில் மௌனவாதிகள் அவரைக் கணக்கில் எடுக்காமல் இருக்கச் சொல்லும் காரணம் அவர் பிரச்சாரகர் என்பது. அவர் பிற்காலத்தில் அமெரிக்க அடிமை முறையை ஆதரித்தவர். அதற்கு மன்னிப்பே இல்லை. அயர்லாந்தின் சொந்தத் தானியமே எல்லோரையும் காப்பாற்றியிருக்கும் என்ற அவர் கணக்கும் முழுவதும் நிற்காது. 1847இல் ஏற்றுமதியானதைக் காட்டிலும் மிக அதிகமான தானியம், பெரும்பாலும் அமெரிக்கச் சோளம், நாட்டுக்குள் வந்தது. ஆனால் எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும். 1846 இலையுதிர் காலத்தில் பயிர் முழுதும் அழிந்த நிலையில் தானியம் துறைமுகங்களிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. ஏற்றுமதியைத் தடை செய்ய அரசு மறுத்தது. சோளக் கப்பல்கள் பெருமளவில் வந்தது 1847 வசந்தத்தில். இடைப்பட்ட குளிர்காலத்தில்தான் கம்மின்ஸ் ஸ்கிபரீனுக்குப் போனார். மிச்செலின் கணக்கில் பிழை உண்டு. அவர் காட்டிய திசையில் பிழை இல்லை.

மௌனக் கருத்தை நான் இத்தனை பிடிவாதமாக எதிர்ப்பதற்குக் காரணம் இலக்கியம் மட்டும் அன்று. சொல்ல முடியாத துயரம் என்று ஒன்றை வகைப்படுத்தியதும், அது புயலும் நிலநடுக்கமும் போல ஆகிவிடுகிறது; செய்தவன் மறைந்து பட்டவனின் மனநிலை மட்டும் மிஞ்சுகிறது. ட்ரெவெல்யனுக்கு இறைவன் செய்து கொடுத்த உதவியை இப்போது உளவியல் செய்கிறது. ஆனால் இந்தப் பஞ்சத்தில் செயல்களுக்குத் தேதியும் கையெழுத்தும் உண்டு. 1847 ஜூலையில் அரசுக் கஞ்சித் தொட்டிகள் ஒரு நாளைக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு உணவு கொடுத்தன. பசித்த நாட்டுக்குச் சோறு போட முடியும் என்று அந்த அரசே நிரூபித்த மாதம் அது. செப்டம்பர் முடிவதற்குள் தொட்டிகளை மூடிவிட்டு, இனி அயர்லாந்தின் ஏழைகளை அயர்லாந்தின் வரியே காக்கட்டும் என்று சட்டம் செய்தார்கள். 1833இல் அடிமை உடைமையாளர்களுக்கு இழப்பீடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கிய கருவூலம், பஞ்ச ஆண்டுகள் முழுவதற்கும் செலவிட்டது ஏறத்தாழ 80 லட்சம் பவுண்டு; அதிலும் பெரும்பகுதி கடனாகக் கொடுக்கப்பட்டது. அயர்லாந்தின் ஏழையர் சட்டத் தலைமை ஆணையர் எட்வர்டு ட்விஸில்டன் 1849 மார்ச்சில் பதவி விலகினார். ஒப்பிட்டால் அற்பமான ஒரு தொகை போதும், பட்டினிச் சாவு என்ற இழிவிலிருந்து நாட்டைக் காப்பாற்ற என்று அவர் நாடாளுமன்றக் குழுவிடம் சாட்சியம் சொன்னார். ஆங்கிலேயர், அரசு அதிகாரி; அவரும் வாய் திறந்தார், அதுவும் பதிவில் இருக்கிறது. இதில் எதுவும் மொழிக்கு அப்பாற்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஐரிஷ் இலக்கியத்தைத் தமிழ் வாசகருக்கு அறிமுகம் செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பஞ்சத்தைப் பற்றி எழுதும்போது யேட்ஸிலிருந்து தொடங்கி, அவரிடம் கிடைக்காததை ஒரு நாட்டின் ஊமைத்தனம் என்று எழுதாதீர்கள். ரிங் ஊர்ப் பெண்ணின் பாட்டிலிருந்தும் மக்ரூம் பக்கத்துக் குடிசையிலிருந்தும் தொடங்குங்கள். 1945இல் ஊர் ஊராக எழுதி அனுப்பப்பட்ட அந்தப் பதில்கள் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் நாட்டாரியல் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன.